பல்லா, தாடையா: கடிக் கோளாறுக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும்?

பல்லுக்குக் கம்பி போடுவதா, கழற்றி மாட்டும் ஒளிபுகு பிளாஸ்டிக் தட்டான, கண்ணுக்குத் தெரியாத அலைனர் போடுவதா என்றுதான் பெரும்பாலானவர்கள் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். உண்மையில் அது நான்காவது கேள்வி. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். கோளாறு பல்லில் இருக்கிறதா, பல்லைத் தாங்கும் தாடை எலும்பில் இருக்கிறதா? இன்னும் வளர்ச்சி மீதமிருக்கிறதா? பற்களை வரிசையில் நிறுத்தத் தேவையான இடம் எங்கிருந்து வரப்போகிறது? இவை மூன்றும் தெளிந்துவிட்டால் எந்தக் கருவி என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். தெளியாமலே கருவியைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு வருடம் கழித்துப் பல் நேராக நிற்கும். கடி மட்டும் பொருந்தாது, அல்லது உதடும் முகவாயும் பழையபடியே இருக்கும்.

சரியான கடி எப்படி இருக்கும்

கண்ணாடி முன் நின்று எச்சிலை விழுங்கிவிட்டு, கடைவாய்ப் பற்கள் சேரும்படி கடித்துப் பாருங்கள். விழுங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சும்மா கடிக்கச் சொன்னால் பலர் தம்மை அறியாமலே கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் கடிப்பார்கள், கோளாறு மறைந்துவிடும். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்கு 2 முதல் 3 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். கீழ்ப் பல்லின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மறைக்க வேண்டும். பக்கங்களில் மேல்வரிசை, பெட்டியின் மேல் மூடி உட்கார்வதுபோல, கீழ்வரிசையைச் சுற்றிச் சற்று வெளியே அமைய வேண்டும். ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லில், மேற்பல்லின் முன்வெளி முகடு கீழ்ப்பல்லின் வெளிப்பள்ளத்தில் பொருந்த வேண்டும். இந்த ஒரு பொருத்தத்தை வைத்துத்தான் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் கடிக் கோளாறுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். நிபுணர்கள் இன்றும் அந்தப் பெயர்களில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

முதல் வகுப்பில் கடைவாய் சரியாகப் பொருந்தியிருக்கும். நெரிசல், தெற்றுப்பல், இடைவெளி என்று சிக்கல் முன்புறத்தில் இருக்கும். இரண்டாம் வகுப்பில் கீழ்வரிசை பின்தங்கியிருக்கும். எத்துப்பல் பெரும்பாலும் இங்கேதான் வரும். மூன்றாம் வகுப்பில் கீழ்வரிசை முந்தியிருக்கும். இவற்றோடு மேலும் கீழுமாக, பக்கவாட்டாக வரும் கோளாறுகளும் சேர்ந்துகொள்ளும். கீழ்ப் பற்களை மேற்பற்கள் முழுக்க மூடினால் ஆழ்கடி. கடைவாய் சேர்ந்த பிறகும் முன்பற்கள் தொடாமல் நின்றால் திறந்த கடி. மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறமாக விழுந்தால் குறுக்குக் கடி.

ஒரே தோற்றத்துக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. எத்துப்பல்லையே எடுத்துக்கொள்வோம். மேல் முன்பற்கள் மட்டும் முன்னே சாய்ந்திருக்கலாம். மேல்தாடையே முன்னால் வளர்ந்திருக்கலாம். கீழ்த்தாடை போதுமான அளவு வளராமல் பின்தங்கியிருக்கலாம். மூன்றில் அதிகம் காணப்படுவது இதுதான். மூன்றும் கண்ணாடியில் ஒன்றுபோலவே தெரியும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு. இதைப் பிரித்தறியத்தான் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துக் கோணங்களை அளக்கிறார்கள். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையிலான கோணம் சராசரியாக 2 டிகிரி. அது 4க்கு மேல் போனால் எலும்பு அளவிலேயே இரண்டாம் வகுப்பு என்று சந்தேகிக்கலாம். பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் மூன்றாம் வகுப்பு. பக்கவாட்டு எக்ஸ்ரேயும் முழுத்தாடை எக்ஸ்ரேயும் பார்க்காமல், பல்லின் ஸ்கேனை மட்டும் வைத்துத் திட்டம் தருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஸ்கேனில் பல்லின் கிரீடம், அதாவது ஈறுக்கு வெளியே உள்ள பகுதி, தெரியும். வேரும் எலும்பும் தெரியாது.

பல் எப்படி நகர்கிறது, ஏன் அவசரப்படுத்த முடியாது

பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல்லை ஒரு பக்கம் இலேசாகத் தொடர்ந்து தள்ளினால், அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும். இழுவை விழும் பக்கம் புது எலும்பு படியும். இப்படியே பல் எலும்புக்குள் மெல்ல இடம் மாறுகிறது. பிடுங்கிய பல்லின் இடத்தை மூடும்போது மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. நகர்ந்தால் அது நல்ல வேகம்.

விசை கூடினால் வேகம் கூடாது. அழுத்தம் மிகுந்தால் நார்ப்படலத்தின் இரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் செயலற்றுப் போகும். அதை உடல் அப்புறப்படுத்தும்வரை பல் சில வாரங்கள் நகராமல் நிற்கும். வலியும் கூடும், வேர் நுனி கரையும் ஆபத்தும் கூடும். பல்லை ஈறு நோக்கி உள்ளே அழுத்த 10 முதல் 20 கிராம் விசை போதும். சாயாமல் வேரோடு நகர்த்தவே 70 முதல் 120 கிராம்தான் தேவை. ஆகவே 'இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள், சீக்கிரம் முடியட்டும்' என்று கேட்பது வேலையைத் தாமதப்படுத்தக் கேட்பதற்குச் சமம். எந்தக் கருவி போட்டாலும் வேகத்தை முடிவு செய்வது எலும்பு. கருவியை மாற்றிக் காலத்தைப் பாதியாகக் குறைப்பதாகச் சொல்லும் விளம்பரங்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே தொடங்குவதா, காத்திருப்பதா

ஏழு வயதில் ஒருமுறை பற்சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடுவது நல்லது. காட்டுவது வேறு, சிகிச்சை தொடங்குவது வேறு. அந்த வயதில் பார்க்கப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்பதே சரியான பதில். எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே தெரியும் இடைவெளி இதற்கு நல்ல உதாரணம். மேலே இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் வேர்களை நெருக்குவதால் வருவது அது. கோரைப்பல் முளைத்ததும் பல பிள்ளைகளுக்குத் தானாக மூடிக்கொள்ளும். அதை முன்கூட்டியே கம்பி போட்டு மூடப் பார்த்தால் பக்கத்துப் பல்லின் வேர் கோரைப்பல்லின் பாதையில் போய் நிற்கும்.

தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு. ஒரே ஒரு மேல் முன்பல் உட்புறமாக விழுந்து, கடிக்கும்போதெல்லாம் எதிரே உள்ள கீழ்ப்பல்லை முன்னே தள்ளிக்கொண்டிருந்தால், அந்தக் கீழ்ப்பல்லின் ஈறு இறங்கத் தொடங்கும். இடமிருந்தால், கழற்றிப் போடும் தட்டில் ஒரு சிறு ஸ்பிரிங் வைத்து, கடைவாயில் கடி சற்று உயர்ந்து நிற்கும்படி செய்தால் சில வாரங்களில் பல் வெளியே வந்துவிடும். கடியை உயர்த்த மறந்தால் ஸ்பிரிங் தள்ளத் தள்ளக் கீழ்ப்பல் தடுத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது.

பக்கவாட்டுக் குறுக்குக் கடியில், பிள்ளை வாயை மூடும்போது கீழ்த்தாடை ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று பாருங்கள். ஒதுங்கினால் மேல்தாடை குறுகியிருக்கிறது என்று அர்த்தம். அண்ணத்தின் இரு பாதி எலும்புகளும் சேரும் நடுத்தையல் இறுகும் முன், அதாவது பதின்ம வயதின் நடுப்பகுதிக்கு முன், விரிப்புத் திருகு போட்டால் எலும்பே விலகும். திருகின் ஒரு கால் சுற்றுக்கு 0.25 மி.மீ.; விரைவு விரிப்பில் வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை. சில நாளில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். பெற்றோர் பதறிப்போய்த் திருகுவதை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அந்த இடைவெளிதான் எலும்பு விலகியதற்குச் சாட்சி. பிறகு தானாகவே குறையும். தேவையான அகலம் வந்த பிறகும் ஐந்தாறு மாதம் கருவி வாயிலேயே இருக்க வேண்டும். நடுவில் எலும்பு நிரம்பும் முன் எடுத்தால் பழையபடி குறுகிவிடும். தையல் இறுகிய பெரியவர்களுக்கு இதே கருவியைப் போட்டால் எலும்பு விலகாமல் பற்கள் வெளியே சாயும், ஈறு இறங்கும். அவர்களுக்கு அண்ணத்தில் சிறு திருகாணிகளை ஊன்றி விரிப்பதோ அறுவை சிகிச்சையோதான் வழி.

மேல்தாடை பின்தங்கியதால் வந்த மூன்றாம் வகுப்பு இன்னும் அவசரமானது. முகத்துக்கு முன்னே சட்டம் வைத்து ரப்பரால் மேல்தாடையை முன்னிழுக்கும் முகக்கருவி, பத்து வயதுக்கு முன் நன்றாக வேலை செய்யும். பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் விசை, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். பிள்ளைகள் இதை வீட்டிலும் தூக்கத்திலும் போட்டுக்கொள்ளலாம்; பள்ளிக்குத் தேவையில்லை. பின்னாளில் கீழ்த்தாடை மறுபடி முந்திவிடக்கூடும் என்பதையும் பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அது சிகிச்சையின் தோல்வியாகாது. வளர்ச்சியின் போக்கு அப்படி.

எத்துப்பல்லோடு கூடிய இரண்டாம் வகுப்பில் நிலைமை நேர்மாறு. எட்டு வயதில் ஒரு கட்டமும் பதின்மூன்று வயதில் இன்னொரு கட்டமும் என இரண்டு முறை சிகிச்சை செய்தவர்களையும், பதின்ம வயதில் ஒரே முறை செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இறுதி முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. முன்கூட்டித் தொடங்கியதால் கிடைத்த தெளிவான ஆதாயம், நீட்டிக்கொண்டிருக்கும் முன்பல் விழுந்து அடிபட்டு உடைவது குறைந்ததுதான். எனவே விளையாட்டில் அடிபடும் ஆபத்து அதிகமுள்ள பிள்ளைக்கும், பல்லுக்காகக் கேலி செய்யப்பட்டு ஒடுங்கிப்போன பிள்ளைக்கும் சீக்கிரம் தொடங்கலாம். மற்றவர்கள் பருவ வளர்ச்சி வேகமெடுக்கும்வரை காத்திருந்தால் வருடமும் செலவும் மிச்சம்.

கோரைப்பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து வயதில் மேல் ஈறின் வெளிப்புறத்தை விரலால் தடவினால் கோரைப்பல்லின் புடைப்பு தென்பட வேண்டும். ஒரு பக்கம் தென்பட்டு மறுபக்கம் தென்படாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அண்ணத்தின் பக்கம் ஒதுங்கிய கோரைப்பல், சமயத்தில் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பாதைக்குத் திரும்பும். விட்டுவிட்டால் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரைக் கரைக்கும். பிறகு ஈறைத் திறந்து சங்கிலி கட்டி இழுக்க வேண்டியிருக்கும்.

கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால்: மூன்று வழிகள்

வளர்ச்சி மீதமிருக்கும்போது கீழ்த்தாடையை முன்னிறுத்தி வைக்கும் கருவிகள் முதல் வழி. 1977இல் பற்சீரமைப்பு நிபுணர் வில்லியம் கிளார்க் உருவாக்கிய ட்வின் பிளாக் இவற்றில் பரவலானது. மேலும் கீழும் தனித்தனித் தட்டுகள். அவற்றின் சரிவான கட்டைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால், வாயை மூடினாலே தாடை முன்னே வந்தாக வேண்டும். நாள் முழுதும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் போட வேண்டும். இது போடுகிறவர் கையில் இருக்கும் சிகிச்சை; பைக்குள் கிடக்கும் கருவி எதையும் திருத்தாது. அதற்கு மாற்றான ஹெர்ப்ஸ்ட் கருவி, பல்லோடு ஒட்டப்படுவதால் கழற்ற முடியாது. ஒத்துழைப்பு குறைந்தவர்களுக்கு இது பொருந்தும், ஆனால் உடைப்பும் பழுதும் அதிகம். இவை கீழ்த்தாடையை வெகுவாக வளர்த்துவிடும் என்று நம்புவது சரியல்ல. கிடைக்கும் திருத்தத்தில் பெரும்பங்கு மேல் முன்பற்கள் உள்ளே சாய்வதாலும் கீழ் முன்பற்கள் வெளியே சாய்வதாலும் வருகிறது. கீழ் முன்பற்கள் ஏற்கெனவே வெளியே சாய்ந்து, ஈறு மெல்லியதாக இருக்கும் பிள்ளைக்கு இது முதல் தேர்வாகாது.

வளர்ச்சி முடிந்தவர்களுக்கு இரண்டாவது வழி, எலும்பை விட்டுவிட்டுப் பல்லை மட்டும் நகர்த்திக் குறையை மறைப்பது. மேலே இரு பக்கமும் கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முதல் முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, அந்த இடத்துக்குள் முன்பற்களைப் பின்னே கொண்டுவருவார்கள். இதில் தவறக்கூடியவை இரண்டு. பின்னால் உள்ள கடைவாய்ப்பல் முன்னே நழுவி, எடுத்த இடத்தை வீணாக்கிவிடலாம். எலும்பில் சிறு திருகாணி போட்டுப் பிடித்தால் அது நடக்காது. முன்பற்கள் வேரோடு பின்னே வராமல் கிரீடம் மட்டும் உள்ளே சாய்ந்து விழலாம். அப்போது புன்னகை தட்டையாகி, மேல் உதடு சரிந்ததுபோலத் தெரியும்.

மூன்றாவது வழி, அறுவை சிகிச்சையால் தாடையையே முன்னே நகர்த்துவது. பெரியவர் ஒருவருக்கு மேல்-கீழ் முன்பற்களின் முன்-பின் இடைவெளி 10 மி.மீ.க்கு மேல் இருந்து முகவாயும் நன்றாகப் பின்தங்கியிருந்தால், பல்லை மட்டும் நகர்த்தி நல்ல முகத்தோற்றம் பெறுவது கடினம். எளிய சோதனை ஒன்று உண்டு. கீழ்த்தாடையை முன்னே நீட்டிப் பற்களைச் சேர்த்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். அந்த முகம் தெளிவாக நன்றாக இருந்தால் குறை கீழ்த்தாடையில்தான். அதைப் பல் எடுத்து மறைப்பது சரியா என்று நிபுணரிடம் நேராகவே கேட்கலாம். படத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் பல்லை மட்டும் திருத்துவதே போதுமானதாக இருக்கும்.

மூன்றாம் வகுப்பில் மறைப்புச் சிகிச்சைக்கு இடம் இன்னும் குறைவு. கீழ் முன்பற்களைப் பின்னே இழுக்க இழுக்க முகவாய் மேலும் துருத்தித் தெரியும். கீழ்த்தாடை கடைசிவரை வளர்வது, பெண்களைவிட ஆண்களுக்கு நீண்ட காலம் வளர்வது. பதினான்கு வயதில் கீழ்ப் பற்களை எடுத்துவிட்டு, பத்தொன்பதில் தாடை இன்னும் வளர்ந்து நின்றால், அறுவைக்குத் தேவைப்படுவதற்கு எதிர்த்திசையில் பற்கள் நகர்ந்திருக்கும். சந்தேகமுள்ளவர்கள் சில மாத இடைவெளியில் எடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு வளர்ச்சி நின்றுவிட்டது என்று உறுதி செய்தபின் முடிவெடுப்பதே நல்லது. அறுவைக்கு முன் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு கம்பி போட்டுப் பற்களைத் தாடைக்கு ஏற்றபடி நிமிர்த்துவார்கள். அந்தக் காலத்தில் கடியும் முகமும் முன்பைவிட மோசமாகத் தெரியும், இது எதிர்பார்த்ததுதான். கீழ்த்தாடை அறுவைக்குப் பின் கீழ் உதட்டிலும் முகவாயிலும் மரத்துப்போதல் வரும். பெரும்பாலோருக்கு மாதங்களில் குறைந்தாலும் சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கும். ஒப்புதல் தரும் முன் இதை எடை போட வேண்டும்.

ஆழ்கடியும் திறந்த கடியும்

ஆழ்கடியை இரண்டு விதமாகத் திறக்கலாம்: முன்பற்களை ஈறுக்குள் அழுத்துவது அல்லது கடைவாய்ப் பற்களை மேலெழ விடுவது. சிரிக்கும்போது மேல் ஈறு அதிகம் தெரிகிறவருக்கு முன்னது. முகத்தின் கீழ்ப்பகுதி குட்டையாக உள்ள வளரும் பிள்ளைக்குப் பின்னது. நீண்ட முகமுள்ளவருக்குக் கடைவாயை எழுப்பினால் தாடை கீழ்நோக்கிச் சுழன்று முகம் இன்னும் நீளும். உதடு மூடாமல் போகும்.

திறந்த கடியில் முதல் வேலை காரணத்தைத் தேடுவது. விரல் சூப்பும் பிள்ளைக்கு இடைவெளி பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். நிரந்தர முன்பற்கள் முளைக்கும் காலத்திலேயே பழக்கம் நின்றுவிட்டால் கடி தானாகவே நன்றாக மூடிக்கொள்ளும். பெரியவர்களில், முன்பற்களை ரப்பர் போட்டு இழுத்து மூடுவது எளிது, ஆனால் கடைவாய்ப்பல் அதிகமாக வளர்ந்ததால் வந்த திறந்த கடிக்கு அது பொருந்தாது. ரப்பர் நின்றதும் பழையபடி திறக்கும். சிறு திருகாணிகளைப் பிடிமானமாக வைத்துக் கடைவாய்ப் பற்களை 1 மி.மீ. உள்ளே அழுத்தினால் முன்னே 2 முதல் 3 மி.மீ. மூடும், முகவாயும் சற்று முன்னே வரும். திருகாணி ஊன்றுவது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சில நிமிடங்களில் முடியும் வேலைதான். அவற்றில் பத்தில் ஒன்றுக்கு மேல் தளர்ந்துபோவதுண்டு. அப்போது இடம் மாற்றி ஊன்றுவார்கள்.

இடம் எங்கிருந்து வரும்

பல் எடுக்கலாமா கூடாதா என்பதைக் கொள்கையாகப் பேசுவதில் பயனில்லை, அது கணக்கு. நெரிசல் 4 மி.மீ.க்குள் என்றால் பல் எடுக்க வேண்டிய தேவை அரிது. 10 மி.மீ.யை எட்டினால் எடுக்காமல் தீராது. நடுவில் உள்ளவர்களுக்கு உதடு, ஈறு, முன்பல்லின் சாய்வு ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஒரு முன்கடைவாய்ப்பல் ஏறத்தாழ 7 மி.மீ. அகலம், இரு பக்கமும் எடுத்தால் 14 மி.மீ. நெரிசலுக்கு 6 போனால் 8 மிஞ்சும். கடைவாய்ப்பல் அசையாமல் பிடிக்கப்பட்டால் முன்பற்கள் 4 மி.மீ. பின்னே வரும், உதடும் அதைத் தொடரும். துருத்திய உதடு உள்ளவருக்கு அது ஆதாயம். ஏற்கெனவே உதடு தட்டையாக உள்ளவருக்கு இழப்பு.

பல்லின் இடுக்கை மெல்லச் சீவி இடம் பெறுவது இன்னொரு வழி. ஓர் இடுக்கில் 0.5 மி.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு. கீழ் முன்பற்கள் ஆறின் ஐந்து இடுக்குகளில் 0.4 வீதம் சீவினால் 2 மி.மீ. கிடைக்கும். பற்களின் நடுவே ஈறுப்பக்கம் கருப்பு முக்கோணம் தெரிகிறவர்களுக்கு இது இரட்டை நன்மை. இடுக்கு மூடி முக்கோணமும் சிறுக்கும். மூன்றாவது, வரிசையை விரிப்பது. முன்கடைவாய்ப்பல் பகுதியில் 1 மி.மீ. விரித்தால் வரிசை நீளத்தில் ஏறத்தாழ 0.7 மி.மீ.தான் கூடும். முன்பற்களை 1 மி.மீ. முன்னே சாய்த்தால் 2 மி.மீ. கிடைக்கும். 'பல் எடுக்காமலே முடித்துத் தருகிறோம்' என்ற வாக்குறுதிக்குப் பின்னால் பலமுறை இந்தச் சாய்ப்புத்தான் இருக்கிறது. முன்பல் எலும்பின் மெல்லிய வெளிச்சுவரைத் தாண்டிப் போனால் ஈறு இறங்கும். மறுபடி நெரிசலும் வரும்.

இப்போதுதான் கருவி

பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் உலோக பிராக்கெட், எல்லா வகைக் கோளாறுக்கும் பொருந்தும் ஒரே கருவி. உறுதியானது, உராய்வு குறைவு, கழன்றாலும் எளிதில் ஒட்டலாம். முதலில் 0.014 அங்குல நிக்கல் டைட்டானியம் கம்பி. அது வளைந்தாலும் தன் வடிவத்துக்குத் திரும்பிப் பற்களை வரிசைக்குக் கொண்டுவரும். பிறகு தடித்த செவ்வகக் கம்பி. பல்லின் வேரைத் திருப்பும் வேலை அதில்தான் நடக்கிறது. முதல் நான்கைந்து மாதத்தில் பல் நேரானதும் 'போதும், எடுத்துவிடுங்கள்' என்று கேட்பவர்கள், வேர்களும் கடியும் திருந்தும் பகுதியையே இழக்கிறார்கள். முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். பல் எடுத்தவர்களுக்குச் சில மாதம் கூடும்.

பீங்கான் பிராக்கெட் தோற்றத்துக்காக. உடையக்கூடியது, உராய்வு அதிகம், கழற்றும்போது எனாமல் பிசிறும் ஆபத்தும் உண்டு. ஆழ்கடியில் இதைக் கீழ்ப் பற்களில் ஒட்டுவது தவறு. எனாமலைவிடக் கடினமான பீங்கானில் மேற்பல் உரசி உரசித் தேயும். மேலே பீங்கான், கீழே உலோகம் என்ற கலவை நல்ல சமரசம். தானே பூட்டிக்கொள்ளும் பிராக்கெட் சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் என்பது ஒப்பீட்டு ஆய்வுகளில் நிலைபெறவில்லை. நாற்காலியில் உட்காரும் நிமிடங்கள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நாக்குப் பக்கம் ஒட்டுவது முழுக்க மறைந்திருக்கும், ஆனால் நாக்கு உரசும், பேச்சு சில வாரம் தடுமாறும், கைதேர்ந்தவர் தேவை.

அலைனர் நேர்மையாக ஒப்பிடப்பட வேண்டிய கருவி, ஏனெனில் அது சிலவற்றை உண்மையிலேயே நன்றாகச் செய்கிறது. ஒரு தட்டு பல்லை ஏறத்தாழ 0.25 மி.மீ. நகர்த்தும்படி அமைக்கப்படுகிறது, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். மிதமான நெரிசல், இடைவெளி, பல்லைச் சாய்த்துத் திருத்தும் வேலை ஆகியவற்றில் கம்பிக்கு ஈடாக நிற்கும். கடைவாயின் மேல் இரண்டு பிளாஸ்டிக் படலங்கள் எப்போதும் இருப்பதால் கடைவாய்ப் பற்கள் சற்று அழுந்தும். இலேசான திறந்த கடிக்கு இது சாதகம். அதே குணம் மற்றவர்களுக்குப் பாதகம். சிகிச்சை முடிவில் முன்பல் தொட, கடைவாய் தொடாமல் நிற்கும். பல் துலக்குவதில் அலைனர் தெளிவான வெற்றி. கழற்றி வைத்துவிட்டு வழக்கம்போலத் துலக்கலாம்.

அது தடுமாறும் இடங்களும் தெளிவானவை. உருண்டை வடிவக் கோரைப்பல்லையும் முன்கடைவாய்ப்பல்லையும் திருப்பும்போது பிளாஸ்டிக்குக்குப் பிடி கிடைக்காது. பல்லை ஈறிலிருந்து வெளியே இழுப்பதும் கடினம். எடுத்த பல்லின் இடத்தை மூடும்போது இரு பக்கப் பற்களும் குழிக்குள் சாய்ந்து விழப் பார்க்கும். இதற்காகப் பல்லில் சிறு பிசின் மேடுகளை ஒட்டுகிறார்கள். 'கண்ணுக்கே தெரியாது' என்று நம்பி வந்தவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கணினித் திரையில் காட்டும் இறுதிப் படம் ஒரு திட்டம். பல் முழுக்க அதன்படி நகர்வதில்லை. நடுவில் மறுபடி ஸ்கேன் எடுத்துக் கூடுதல் தட்டுகள் செய்வது விதிவிலக்கல்ல, வழக்கம். அது தொகையில் அடங்குமா, எத்தனை முறை என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். தட்டின் ஓரத்துக்கும் பல் நுனிக்கும் நடுவே வெற்றிடம் தெரிந்தால் பல் பின்தங்கிவிட்டது என்று பொருள். அடுத்த தட்டுக்குத் தாவாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தினமும் 20 மணி நேரம் போடுவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவருக்கு அலைனரைவிட உலோகக் கம்பியே நல்லது. கம்பி மறதியை மன்னிக்கும். ஆனால் கம்பியிலும் கடியைத் திருத்தும் ரப்பர்கள் போடுகிறவர் கையில்தான். இரவு மட்டும் போட்டால் பல் முன்னும் பின்னும் ஆடும், வலிக்கும், நகராது. கம்பிக்குரிய பெரிய அபாயம் எனாமலில் வரும் வெள்ளைத் திட்டு. சுத்தம் குறைந்தால் ஒரு மாதத்திலேயே தோன்றத் தொடங்கும். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள குறுகிய பட்டையில்தான் அழுக்கு சேரும், அங்கேதான் பிரஷ் படாமல் போகும். 1450 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டும் கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ்ஷும் இதற்குப் போதும். எந்தக் கருவியானாலும் வேர் நுனி சற்றுக் கரையும். பெரும்பாலும் 1, 2 மி.மீ.க்குள். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அதிகமாகத் தெரிந்தால் சில மாதம் விசையை நிறுத்துவார்கள். ஈறு நோயுள்ள பெரியவர்கள் முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். வீக்கத்தோடு பல்லை நகர்த்தினால் எலும்பு வேகமாகக் கரையும்.

கம்பி எடுத்த பிறகு

வேரைச் சுற்றியுள்ள நார்ப்படலம் மூன்று நான்கு மாதத்தில் புது இடத்துக்குப் பழகிவிடும். ஈறின் மீள்நார்கள் அப்படியல்ல. அவை ஒழுங்காக எட்டு மாதத்துக்கு மேலாகும். திருகியிருந்த பற்கள் முதலில் பழைய நிலைக்குத் திரும்பப் பார்ப்பது இதனால்தான். ஆகவே பல்லைப் புது இடத்தில் பிடித்துவைக்கும் ரீடெய்னரும் சிகிச்சையின் ஒரு பகுதி. அதன் விலையையும் மாற்றும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல்வரை உட்புறம் ஒட்டும் கம்பி நினைவாற்றலை நம்பாது. கீழ் முன்பற்களுக்கும், மூடிய நடு இடைவெளிக்கும் இதுவே சிறந்தது. ஆனால் கறை சேரும், ஃபிளாஸ் இழையை அடியில் நுழைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுவிட்டால் பல நாள் தெரியாமலே அந்தப் பல் நகர்ந்துவிடும். கம்பியே முறுக்கிக்கொண்டு பல்லை எதிர்பாராத பக்கம் தள்ளுவதும் உண்டு. கழற்றிப் போடும் ஒளிபுகு தட்டு சுத்தம் செய்ய எளிது, வரிசை முழுவதையும் பிடிக்கும். வெந்நீரில் கழுவினால் வடிவம் கெட்டுவிடும். மேல்தாடை விரிக்கப்பட்டவர்களுக்கு அகலத்தைத் தாங்கும் அளவு விறைப்பு வேண்டுமென்பதால் கம்பியும் அக்ரிலிக்கும் சேர்ந்த ஹாலி தட்டு பொருத்தம். திருகிய பற்களும் பெரிய இடைவெளிகளும் இருந்தவர்களுக்கு, ஒட்டுக் கம்பியும் இரவில் தட்டும் இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

ஒட்டுக் கம்பி ஒரு பல்லில் விட்டது தெரிந்தால், அன்றிலிருந்தே தட்டைப் பகலிலும் இரவிலும் போட்டுக்கொண்டு, சில நாளுக்குள் மறுபடி ஒட்டிக்கொள்ளுங்கள். தட்டு இறுக்கமாக உட்கார்ந்தால் பல் இலேசாகத்தான் நகர்ந்திருக்கிறது; தொடர்ந்து போட்டாலே திரும்பிவிடும். அழுத்தியும் முழுதாக உட்காரவில்லையென்றால் பலவந்தமாகத் திணிக்காமல் புதிதாக அளவெடுக்க வேண்டும்.